குவைத்து வண்டியின் கதவு

சேகருக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உன்னையும் உங்க அப்பாவையும் ஒரு மூச்சு திட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது. நாலு வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன், இனி முடியாது. வைகாசி பதினாறு உனக்குக் கல்யாணம். இன்றைக்கு நாலாம் தேதி. நடுவில் பன்னிரண்டு நாள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட மாட்டேன் என்று நீயும் உட்கார்ந்திருக்கிறாய், அவரும் உட்கார்ந்திருக்கிறார். உன் வருங்கால மாமனார், பாவம், உச்சி வெயிலில் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார். பத்திரிகையில் அப்பா பேரைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய், சரி. பேரைப் போட்டால் ஆச்சா? உங்க அப்பா தட்டைத் தொடவில்லை. "நீங்க வந்தது சந்தோஷம் சம்பந்தி. பெத்தவனைப் பிள்ளை வந்து கூப்புடணும் இல்ல? அவன் எங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வெட்கத்தில் எனக்குக் காபி போடக் கை வரவில்லை.

இப்படி முறைத்துக்கொண்டு நிற்க உங்க ரெண்டு பேருக்கும் நடுவில் சொத்துத் தகராறு உண்டா, வரப்புச் சண்டை உண்டா? ஒரு வண்டிக் கதவு. அதுவும் ஊரான் வண்டிக் கதவு. வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் சொல்வதே இல்லை. "பையன் ஏன் வீட்டுக்கு வர்றதில்ல?" என்று கேட்டால், திண்டிவனத்தில் வேலை அதிகம் என்று சொல்லிவிடுகிறேன். நாலு பொங்கல் அப்படியே சொல்லியாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை நீ முழுசாகப் படிக்க வேண்டும். உங்க அப்பாவைப் போல நடுவில் "எனக்குத் தெரியும்" என்று மடித்து வைத்துவிடாதே. உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம் அந்த வண்டி முதன்முதலாக நம் எலக்ட்ரிக் ஷெட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். திண்டிவனம் மல்லாட்டை மண்டிக்காரர் குவைத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டி. முன்னால் கார் மாதிரி, பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. ஸ்டியரிங் இடது பக்கம். டிரைவர் பக்கத்துக் கதவில் ஒரு பொத்தானை அமுக்கினால் ரெண்டு கதவும் 'டக்' என்று ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். தெருவே வேடிக்கை பார்த்தது. மண்டிக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் அமுக்கிக் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார். வந்த வேலை என்னவோ ஹாரன் மாற்றத்தான். குவைத்து ஹாரன் நம்ம ரோட்டில் மாட்டுக்கே கேட்கவில்லை என்று, லாரிக்குப் போடுகிற மாதிரி பெரிய ஹாரனாகக் கேட்டார். உங்க அப்பா ஹாரனுக்குக் கரன்ட் திறந்துவிடுகிற ரிலே வைத்தார், நீ வயர் இழுத்தாய். ஒரு நாள் வேலை. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து குனிந்து நின்றதை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். அப்படி உங்களை ஒன்றாகப் பார்த்தது அதுதான் கிட்டத்தட்ட கடைசி.

அன்றைக்கு மண்டிக்காரருக்கு உன் கை வேலை பிடித்துப்போய்விட்டது. அங்கே தனக்குத் தெரிந்த கராஜ் ஒன்று இருக்கிறது, எலக்ட்ரீசியன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், விசாவுக்கு எழுதுகிறேன் என்றார். உனக்கு அந்த நிமிஷத்திலிருந்து தரையில் கால் பாவவில்லை. மெட்ராஸ் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய். ஸ்டுடியோக்காரர் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தாய். மண்டிக்காரரிடம் கேட்டு ஒன்று, இரண்டு, மூன்றுக்கெல்லாம் அரபியில் என்ன என்று சோறு தின்னும்போது எனக்கு ஒப்பித்தாய். நான் "நல்லா இருக்குடா" என்றேன். உங்க அப்பாவுக்கும் பெருமைதான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் அழுதது நான் ஒருத்திதான், அதுவும் அடுப்புப் புகைக்குள்.

வண்டி வேலையில் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. யார் வண்டியாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவீர்கள். வண்டி சோறு போடுகிறது, அதைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்று உங்க அப்பா உனக்கு முன்னாலேயே பிடித்த விரதம் அது. வேறு யார் ஷெட்டுக்குப் போனாலும் வாசலிலேயே கழற்றிவிட்டு நிற்பார், தரை எப்படிக் கொதித்தாலும். நல்ல பழக்கம்தான். அதுதான் நம்மை நாலு வருஷம் முட்டாளாக்கியது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஹாரன் மாட்டி ஒரு மாசம் கூட ஆகவில்லை, அந்த வண்டியின் டிரைவர் வந்து நின்றார். ஆறடி உயரம், மண்டிக்காரர் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெரிய பூட்ஸ். "எறங்கி கதவைச் சாத்துனா தானா பூட்டிக்குது மேஸ்திரி. சாவி உள்ள, நான் வெளிய. பேஜாரா கீது" என்றார். நீங்கள் ரெண்டு பேரும் மாறி மாறி ஏறி இறங்கிப் பார்த்தீர்கள். கதவு பூட்டவே இல்லை. ப்யூஸைப் பார்த்தீர்கள், சரி. கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றிப் பூட்டு மோட்டாரைப் பார்த்தீர்கள், சரி. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய்க்குள் வருகிற வயர் திறந்து மூடி நைந்திருக்கும் என்றாய் நீ. இல்லை, நீ ஹாரனுக்கு வயர் இழுத்தபோது எதையோ கீறிவிட்டாய் என்றார் அவர். நீங்கள் வைத்த ரிலேயிலிருந்துதான் கரன்ட் திரும்புகிறது என்றாய் நீ. அவரவர் சொன்னதை அவரவர் செய்தீர்கள். நீ ரப்பர் குழாயைப் பிரித்து வயரை ஒட்டுப்போட்டாய், அவர் ஹாரன் ரிலேயைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தார். பத்து தடவை ஏறி இறங்கினீர்கள். பூட்டவில்லை. சரியாகிவிட்டது என்று அனுப்பினீர்கள்.

அடுத்த அமாவாசைக்கு மண்டிக்காரர் குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனார். கூட்டத்துக்கு நடுவில் பெண்கள் இறங்க வேண்டுமே என்று டிரைவர் என்ஜினை ஓடவிட்டுக் கீழே குதித்து, கதவைச் சாத்திவிட்டுப் பின்பலகையைத் திறக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. சாவி உள்ளே, என்ஜின் ஓடுகிறது, முன்னால் ஜனம், பின்னால் வரிசையாக பஸ். இன்னொரு சாவி குவைத்திலேயே தொலைந்துபோனது. பஸ்காரர்கள் ஹாரன் அடிக்க, போலீஸ்காரர் கத்த, கடைசியில் தேங்காய் உடைக்கிற கல்லால் மறுபக்கக் கதவுக் கண்ணாடியை உடைத்தார்கள். அந்தக் கண்ணாடி மெட்ராஸிலும் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் அந்த இடத்தில் பிளைவுட் பலகைதான் இருக்கிறது.

மறுநாள் மண்டிக்காரர் வந்து ஷெட் வாசலில் நின்று பேசியதெல்லாம் உனக்குத் தெரியும். உங்க அப்பா தலையைக் குனிந்துகொண்டு, பையன் போட்ட ஒட்டு விட்டுவிட்டது என்றார். நீ சும்மா இருந்திருக்கலாம். பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் அவர் போனபின் உள்ளே வந்து பேசியிருக்கலாம். நீ பேசினாய். "என் ஒட்டு நல்லாத்தான் கீது. உங்க ரிலேதான் கோளாறு. தப்பை ஒத்துக்கினா இன்னா கொறஞ்சிடுவீங்க?" என்றாய். உங்க அப்பா கை நீண்டுவிட்டது. இருபது வயசுப் பிள்ளையை, ஊரான் முன்னால், கன்னத்தில். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. மண்டிக்காரர் வண்டியில் ஏறும்போது, பூட்டுப் பார்க்கத் தெரியாத பையனை அங்கே அனுப்பி என் பேரைக் கெடுத்துக்கொள்ள முடியாது, விசா பேச்சை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனாய். கடையிலே கூலிக்கு நின்றாய், அப்புறம் சொந்த ஷெட் போட்டாய். கெட்டிக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. வண்டி மட்டும் நிற்கவில்லை. மண்டிக்காரர் கோபத்தில் ஒரு தடவை உன்னிடம் கொண்டுவருவார், அங்கே சரியாகாமல் இன்னொரு தடவை இவரிடம் கொண்டுவருவார். மெட்ராஸில் ஒரு மெக்கானிக் அந்தப் பூட்டையே பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றானாம், அதற்கு மண்டிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அமுக்கிக் காட்டத்தானே கடல் தாண்டிக் கொண்டுவந்தார். நீ போட்ட ஒட்டை இவர் வெட்டிவிட்டுப் பற்றவைத்தார். இவர் பற்றவைத்ததை நீ வெட்டிவிட்டுப் புது வயர் போட்டாய். இவர் பூட்டு ரிலேயை மாற்றினார், நீ பழையதைத் தேடி எடுத்து மாட்டினாய். ஒவ்வொரு தடவையும் உங்களில் ஒருத்தர் கதவைத் திறந்து மற்றவர் வேலையைப் பார்த்து "இதை எவன் பண்ணான்?" என்று கேட்டிருப்பீர்கள், எவன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே. டிரைவர் ஒரு சாவி அடித்து அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். கதவுக் குமிழ் கீழே இறங்காமல் இருக்க மூட்டை தைக்கிற சணலால் இழுத்துக் கட்டினார். குவைத்திலிருந்து வந்த வண்டிக்குச் சணல் கட்டு. மருத்துவச்சி ரெண்டு பேரானால் பிள்ளை கோணல் என்பார்கள், அது சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்து மூணு நாளாகிறது. இந்த இடத்துக்கு வந்தவுடன் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய்விடுகிறேன். இன்றைக்கு எழுந்திருக்கப்போவதில்லை.

ஹாரன் மாட்டிய அன்று அந்த வண்டியில் வேலை செய்தது ரெண்டு பேர் இல்லை சேகர். மூணு பேர்.

விசா பேச்சு காலையிலேயே தொடங்கிவிட்டது. நீங்கள் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன், ஞாபகமிருக்கிறதா? போனது மந்திரத் தகடு எழுதுகிற ஒருத்தனிடம். என் பிள்ளை கடல் தாண்டக் கூடாது என்றேன். எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அது எண்ணெய் ஊற்று இருக்கிற பாலைவனத்தில் போய் எனக்குத் தெரியாத ஊரில் ஜுரத்தில் படுத்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்று அழுதேன். அவன் விரல் நீளத்தில் ஒரு செப்புத் தகட்டில் கோடு கிழித்துக் கொடுத்தான். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த வாகனத்தில், ஆள் கண் படாத இடத்தில் பதித்துவிடு. யாரிடமும் வாயைத் திறக்காதே, சொன்னால் பலிக்காது என்றான். மத்தியானம் நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தபோது நான் வண்டியில் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். ஸ்குரு டிரைவர் எனக்குப் புதிது இல்லை. நீ பிறக்கும் முன்னால் உங்க அப்பாவுக்கு மோட்டார் ஆர்மேச்சருக்குக் கம்பி சுத்திக் கொடுத்தவள் நான். டிரைவர் கால் வைக்கிற இடத்தில், இடது பக்கச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதைக் கழற்றி, உள்ளே தகட்டை வைத்து, ஒரு ஸ்குருவை இறுக்கி, மூடியைத் திரும்ப மாட்டினேன். உள்ளே கறுப்புத் துணி சுற்றிய வயர்க்கட்டு ஒன்று போனது. அதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்குரு இறங்கும்போது கொஞ்சம் மெத்தென்று இறங்கியது. அதையும் கையால் உணர்ந்தேன். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

கதவிலிருந்து பூட்டுக்கு வருகிற வயர் எல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் போகிறது. அதில் 'பூட்டு' என்று சொல்லுகிற வயர் பாடியைத் தொட்டால் போதும், பொத்தானை அமுக்கியது போல ரெண்டு கதவும் பூட்டிக்கொள்ளும். இது உனக்குத் தெரியும், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் ஸ்குரு அந்த வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. தொட்டும் தொடாமலும்.

கதவு தானாகப் பூட்டுகிறது என்று டிரைவர் முதல் தடவை வந்து சொன்னபோதே அந்த மெத்தென்று இறங்கிய ஸ்குரு எனக்கு நினைவுக்கு வந்தது. சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் சொன்னால் பலிக்காது என்றானே. நீங்கள் ரெண்டு பேரும் வயரைப் பார், ரிலேயைப் பார் என்று முட்டிக்கொண்டபோது நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ அறை வாங்கினாய். விசா போனது. அன்றைக்கு நான் அழுதேன், எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்க்காததைச் சொல்கிறேன். அழுகைக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பிள்ளை கடல் தாண்டவில்லை, தகடு வேலை செய்கிறது என்று நினைத்தேன். நீ கன்னம் வீங்கி மூலையில் உட்கார்ந்திருந்தாய், நான் அப்படி நினைத்தேன். அதற்காக நீ என்னை என்ன சொன்னாலும் தகும்.

கடல் தாண்டக் கூடாது என்று கேட்டேன், நீ தாண்டவில்லை. திண்டிவனத்தில் இருக்கிறாய். குவைத்தில் இருந்திருந்தால் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்திருப்பாய், அப்பாவுக்கு ரேடியோ வாங்கி வந்திருப்பாய், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு நாலு வருஷமாக நான் உன்னை மண்டி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வண்டி மறுபடி இங்கே வந்தது. உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியைத்தான் தருகிறாராம் மண்டிக்காரர், மனிதருக்குக் கோபம் எப்போதோ போய்விட்டது. பின்விளக்கு எரியவில்லை என்று அனுப்பியிருந்தார். உங்க அப்பா பல்பு வாங்கப் போயிருந்தார். நான் வாசலில் மல்லாட்டை உரித்துப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். பூட்டையும் மேஸ்திரி பார்க்கட்டும் என்று டிரைவர் சணலை அவிழ்த்துவிட்டு, நான் தகடு வைத்த இடது பக்க மூடியில் பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டுக்கொண்டு கீழே குதித்தார், ஆறடி ஆள் வேறு எப்படி இறங்குவார். 'டக்.' முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். "மறுபடி ஏறி எறங்குங்க தம்பி" என்றேன். ஏறி இறங்கினார். 'டக்.' அஞ்சு தடவை ஏறி இறங்கச் சொன்னேன். நாலு தடவை பூட்டியது. "இப்போ பூட்ஸைக் கழட்டிட்டு எறங்குங்க" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கழற்றிவிட்டு மெதுவாகக் கால் வைத்து இறங்கினார். அஞ்சு தடவையும் பூட்டவில்லை.

இப்போது புரிகிறதா? வெறுங்காலோடு ஏறி வெறுங்காலோடு இறங்குகிற உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கோளாறு ஒரு நாளும் கண்ணில் பட்டிருக்காது. பூட்ஸ் உதைக்கு மூடி உள்ளே அமுங்கி வயரை ஸ்குருவோடு ஒட்டவைக்கும். உங்க பாதம் அந்த மூடியைத் தொடவே தொடாது. நாலு வருஷம் கதவைப் பிரித்தீர்கள், வயரை வெட்டினீர்கள், ஒருத்தரை ஒருத்தர் வெட்டினீர்கள். "எப்போ பூட்டுது, யாரு எறங்கும்போது பூட்டுது, கொஞ்சம் எறங்கிக் காட்டு" என்று அந்த டிரைவரை ஒரு தடவை கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள். மேஸ்திரிகள் ஆச்சே. கோளாறு வருகிற ஆளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வராத ஆட்கள் ரெண்டு பேர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தீர்கள். உன் வீட்டில் நாளைக்கு ஏதாவது மனஸ்தாபம் வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள். வந்தவுடன் அந்தப் பெண்ணின் குணத்தைப் பிரித்துப் பார்க்காதே. எப்போது வந்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று கேள். அவளையே கேள்.

டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் மூடியைக் கழற்றினேன். தகடு பச்சை பூத்துக் கிடந்தது. ஸ்குருவை எடுத்தேன். வயரில் அரிசி அளவு செம்பு பளபளவென்று தெரிந்தது. உங்க அப்பா வேலை செய்யும்போது வயருக்குச் சுற்றுகிற டேப்பை ரெண்டு துண்டாக வெட்டி, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு இன்னொன்றை மேஜை ஓரத்தில் ஒட்டிவைப்பார், உனக்காக வைப்பது. நீ போய் நாலு வருஷமாகியும் அந்தக் கை நிற்கவில்லை. சாயங்காலம் அவரே பார்த்துத் தூசியோடு பிய்த்துப் போடுவார். அந்தத் துண்டை எடுத்து வயரில் சுற்றினேன். டிரைவர் வந்து பூட்ஸோடு இருபது தடவை குதித்தார். பூட்டவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உங்க அப்பா வந்தார். பூட்டவில்லை என்று டிரைவர் சொன்னதைக் கேட்டார். தான் போன மாசம் பாடியில் எர்த் வயர் சேருகிற இடத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணியதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். டீக்கடையில் போய், "நாலு வருஷமா எம்புள்ள கண்டுபுடிக்காததை நான் புடிச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை சேகர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "கோளாறு என்னோட எர்த்துலதான் இருந்துச்சுன்னா, அன்னிக்கு அவன் ஒட்டு நல்லாத்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டார். அப்புறம் பாதியில் கையைக் கழுவிவிட்டார். அந்த அறை அவருக்குள்ளேயும் நாலு வருஷமாக இருக்கிறது. இல்லாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. உன் ஒட்டும் சரி, அவர் ரிலேயும் சரி. ரெண்டு பேர் கையிலும் தப்பில்லை. தப்பு என் கையில்.

தகட்டையும் ஸ்குருவையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ கடல் தாண்டக் கூடாது என்று எழுதியது, உன் கையாலேயே எங்கேயாவது எறிந்துவிடு. உன் பாஸ்போர்ட் என் பெட்டியில் இருக்கிறது. ஒரு முத்திரை கூட விழாத பக்கங்கள். இன்னும் கொஞ்ச காலம் அது செல்லும். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அந்தப் பெண்ணும் யோசித்துப் போகணும் என்றால் போ. நான் அழுவேன். எல்லோர் எதிரிலும் அழுவேன், ஆனால் ஸ்குரு டிரைவரைத் தொட மாட்டேன். பிள்ளையின் நல்லதுக்கு என்று பிள்ளைக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்தால் அது நல்லதாக முடியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நலம் விசாரிக்கிறேன் என்றேன், மறக்கவில்லை. இளைத்துவிட்டாய் என்று உன் மாமனார் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் கவரில் விலாசம் எழுதி ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறேன். வாயை மட்டும் ஒட்டவில்லை. நாளைக் காலையில் உங்க அப்பா டெஸ்ட் லாம்பு எடுக்கிற டூல்ஸ் பெட்டியில் மேலாக வைத்துவிடப் போகிறேன். அவர் பிரித்துப் படிப்பார், படிக்காமல் இருக்க அவரால் முடியாது. என்னைத் திட்டுவார். திட்டட்டும். அதற்குப் பிறகு அவர் பாடு. தபால் பெட்டி நம் தெருமுனையில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு கொஞ்சம் தூரம். தபால்காரர் கையால் இது உனக்கு வந்திருந்தால், அவர் முனை வரைக்கும்தான் நடந்திருக்கிறார்; மீதி தூரத்தை நீ வந்துவிடு, ரோஷம் பார்க்காதே. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். இருபத்தஞ்சு வருஷமாகத் தெரியும். அவரேதான் கொண்டுவந்திருப்பார். உன் கையில் கொடுத்துவிட்டு, அங்கே நிற்கிற ஏதோ ஒரு வண்டியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டு நிற்பார்.

செருப்பை வாசலிலேயே கழற்றியிருப்பார் சேகர். வைகாசி வெயில், தரை கொதிக்கும். இதை மடித்து வைத்துவிட்டு அவரை உள்ளே கூப்பிடு.

அம்மா